தேதியை நம்பி வீடு எடுத்தேன்: பார்கிங் ரயில் பாதை மின்சாரமான மூன்று வருடங்கள்

2016 பெப்ரவரியில் நாங்கள் லண்டன் மேனர் பார்க் பக்கம் வீடு மாறினோம். சேர்ச் ரோட் முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம், மகனுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட, வூட்கிரேஞ்ச் பார்க் ஸ்டேஷன் ஆறு நிமிட நடை. நான் அப்போது அப்பர் ஹாலோவேயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வூட்கிரேஞ்ச் பார்க்கில் ஏறினால் அரை மணிக்குள் அப்பர் ஹாலோவே. ஒரே ரயில், மாறத் தேவையில்லை, நகர மையத்துக்குள் போகாததால் 2, 3-ஆம் வலயங்களுக்கான மாத கார்ட் போதும் (லண்டனில் கட்டணத்துக்காக வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நகர மையம் 1-ஆம் வலயம்). வீடு காட்டிய ஏஜென்ட், "அடுத்த வருஷம் இந்த லைன் மின்சாரமாகுது, நாலு பெட்டி ரயில் வருது, பிறகு இந்த வாடகைக்கு வீடு கிடைக்காது" என்று சொல்லி, நாங்கள் நினைத்ததை விட மாதம் 50 பவுண்டு கூடக் கேட்டார். மறு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டோம். அந்த நாலு பெட்டி மின்சார ரயிலில் நான் முதன்முதலாக ஏறியது 2019 மே மாதக் கடைசியில். இடையில் என்ன நடந்தது என்பதை எழுதினால் இதே மாதிரி ஒரு பாதைப் பக்கத்தில் வீடோ வேலையோ தேடுகிற யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

கோஸ்பல் ஓக்கிலிருந்து பார்கிங் வரை வடக்கு லண்டனையும் கிழக்கு லண்டனையும் குறுக்கே இணைக்கிற பாதை இது. அப்போது 12 ஸ்டேஷன்கள். சுற்றி எல்லாப் பாதைகளும் மின்சாரத்தில் ஓட, இதில் மட்டும் டீசல் ரயில், அதுவும் இரண்டே பெட்டி. காலையில் லெய்ட்டன்ஸ்டோன் ஹை ரோட் வரும்போதே உள்ளே மூச்சு விட இடமிருக்காது. பிளாக்ஹோர்ஸ் ரோட்டில் பாதிப் பேர் இறங்கினால்தான் கையை அசைக்கலாம். எத்தனையோ நாள் கதவு மூட முடியாமல் ஆட்களை மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதனால் மின்சாரமாக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரையும் போல எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு விஷயம் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. எங்கள் வூட்கிரேஞ்ச் பார்க் ஸ்டேஷனில் தலைக்கு மேலே மின்கம்பி முன்பே இருந்தது. வேறொரு பாதை ரயில்கள் சில நேரம் அந்த வழியாகப் போவதற்காகப் போட்டது. மின்கம்பிக்குக் கீழே டீசல் ரயில் புகை விட்டுக்கொண்டு நிற்கும். சவுத் டொட்டன்ஹாம் பக்கமும் கம்பி உண்டு. இடையில் இல்லாத இடத்தில் நாலு கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் முடிந்தது, இதற்கு எத்தனை நாள் ஆகப்போகிறது என்று நினைத்தேன். அந்த இடைவெளியில்தான் முழு வேலையும் இருந்திருக்கிறது. கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். ரயிலின் கூரைக்கும் பாலத்தின் அடிப்பக்கத்துக்கும் இடையில் போதுமான வெளி வேண்டும். பழைய பாலங்களுக்குக் கீழே அந்த வெளி கிடையாது. ஒன்று பாலத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டும். நாலு பெட்டி நிற்க மேடைகளை நீட்ட வேண்டும். இதெல்லாம் ரயில் ஓடும்போது செய்ய முடியாது. உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது "ரயில் எப்போ வரும்" என்பதில்லை, "எத்தனை பாலம், எத்தனை மேடை, எத்தனை மாதம் மூடுவீர்கள்" என்பதுதான். நான் அதைக் கேட்கவே இல்லை.

2016 ஜூன் 4-ஆம் தேதி சவுத் டொட்டன்ஹாமிலிருந்து பார்கிங் வரை மூடினார்கள். ஸ்டேஷன் வாசலில் அறிவிப்பு ஒட்டி எத்தனையோ வாரமாக இருந்தது, பார்த்தும் இருந்தேன். "பதிலுக்கு இலவச பஸ் விடுவோம்" என்ற வரியை வாசித்துவிட்டு, சரி, பத்துப் பதினைந்து நிமிடம் கூட ஆகும் என்று விட்டுவிட்டேன். முதல் திங்கட்கிழமை ஏழரை மணி ஷிஃப்டுக்கு எட்டேகாலுக்குப் போய் நின்றேன். ரயில் நேரே போகும். அந்த பஸ் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலையும் தேடித் தேடிப் போகும். ரொம்ஃபோர்ட் ரோட்டில் நின்று, லெய்ட்டன்ஸ்டோனில் நின்று, சவுத் டொட்டன்ஹாமில் இறக்கிவிடும்போது எதிரே எங்கள் ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை ஒன்றரை மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி. அந்த மாதத்தில் நாலு தரம் பிந்தினேன். நாலு தரமும் சம்பளத்தில் வெட்டு, நாலாம் தரம் வாய்மொழி எச்சரிக்கை. அங்கே இரவு முழுக்க வேலை செய்த பிள்ளைகள் நான் வந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். நான் உள்ளே நுழையும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

ஜூலையில் மனேஜரிடம் போய் ஷிஃப்டை மாற்றிக் கேட்டேன். பத்து மணி ஷிஃப்ட் தந்தார். அது என் பெரிய பிழை. காலை ஷிஃப்ட் என்றால் மூன்றரைக்கு விட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின் நடக்கும் கிளப்பிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வருவேன். பத்து மணி ஷிஃப்டில் ஆறு மணிக்குத்தான் வெளியே வரலாம். மகனுக்கு அப்போது ஆறு வயது. கிளப் முடிந்ததும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவிடம் விட்டோம். மணிக்கு ஐந்து பவுண்டு, வாரம் 50. "ரயில் வந்ததும் பழைய ஷிஃப்டுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று மனேஜர் வாயால் சொன்னார், எழுத்தில் இல்லை. அதற்குள் அந்த இடத்துக்கு இன்னொருவரை எடுத்துவிட்டார்கள். எனக்குத் திரும்பக் கிடைத்தது 2017 பெப்ரவரிக் கடைசியில். பள்ளிக்கூட வாரங்களை மட்டும் எண்ணினாலே 24 வாரம், 1,200 பவுண்டு. இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், பாதை மூடுவதால் நேரத்தை மாற்றிக் கேட்டால், எந்தத் தேதியில் பழைய நேரத்துக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மனேஜராக இருந்தாலும் வாங்குங்கள். என் மனேஜரும் நல்லவர்தான். அவருக்கே அந்த வாக்கு ஞாபகம் இருக்கவில்லை.

பஸ்ஸில் அலைய முடியாமல் ஜூலையிலிருந்து நகர மையத்துக்குள் போய், பாங்க் ஸ்டேஷனில் மாறி, அப்பர் ஹாலோவேக்குக் கிட்ட இருக்கிற ஆர்ச்வேக்குப் போகத் தொடங்கினேன். நேரம் குறைந்தது. ஆனால் 1-ஆம் வலயம் சேர்ந்ததால் மாத கார்ட் ஏறத்தாழ 50 பவுண்டு கூடியது. மூன்று மாதம் அப்படிக் கட்டினேன். செப்டம்பர் 24-இலிருந்து மற்றப் பாதியையும் மூடி, கோஸ்பல் ஓக் வரை முழுப் பாதையும் நின்றுபோனது. இனி இதுதான் விதி என்று இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு அம்மாவோடு கதை வந்தது. அவவின் மகளும் ஹாலோவே பக்கம் வேலையாம். "பிள்ளை, ஏன் உள்ளுக்குப் போய்ச் சுத்திறீங்கள்? மேனர் பார்க்கில ஏறி ஸ்ட்ராட்ஃபோர்ட் போங்கோ, அங்க ஓவர்கிரவுண்ட் ரயில் எடுத்து ஹைபரி அண்ட் இஸ்லிங்டன். வெளியில வந்தா 43, 271 ரெண்டு பஸ்ஸும் ஹாலோவே ரோட்டால ஆர்ச்வே போகுது" என்றார். அவ்வளவுதான். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் மேனர் பார்க் ஸ்டேஷன், 1-ஆம் வலயத்தைத் தொடவே தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் வேலை வாசல். நாலு மாதமாக அது என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது. அன்றைக்குச் சுவாமி கும்பிடும்போது கண்ணீர் வந்துவிட்டது. துக்கமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். மூடிய பாதையின் அறிவிப்பில் அந்தப் பாதைக்குப் பதிலான பஸ்ஸைப் பற்றித்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து உங்கள் வேலைக்கு எது நல்ல வழி என்று அதில் இருக்காது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்த வாரமே, ஒரு சனிக்கிழமை எடுத்து, உங்கள் ஸ்டேஷனை மறந்துவிட்டு, சுற்றி நடந்து போகக்கூடிய மற்ற ஸ்டேஷன்களிலிருந்து வழி தேடிப் பாருங்கள். ஆனால் சனிக்கிழமை பார்த்த நேரத்தை நம்பாதீர்கள், வேலை நாளில் அதே மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: இப்படிச் சுற்றுவழியில் மாறும்போது ஸ்ட்ராட்ஃபோர்ட் மாதிரி ஸ்டேஷன்களில் மேடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கார்ட் மெஷின் நிற்கும். அதில் ஒயிஸ்டர் கார்டை (ரயில், பஸ் கட்டணத்துக்கான கார்ட்) தொட்டால்தான் நீங்கள் நகர மையத்துக்குள் போகவில்லை என்று அதற்குத் தெரியும். தொடாவிட்டால் 1-ஆம் வலயம் வழியாகப் போனதாகக் கணக்குப் போட்டுவிடலாம். அதையும் அந்த அம்மாதான் சொன்னார்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. எங்களோடு வேலை செய்த ஒரு அண்ணா வருட கார்ட் வைத்திருந்தார். வருட கார்ட் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், ஏறத்தாழ பத்தரை மாதக் காசில் பன்னிரண்டு மாதம் தருகிறார்கள். நடுவில் திருப்பிக் கொடுத்தால், போன மாதங்களுக்கு முழு விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். கொடுக்கிற நாளிலிருந்துதான் கணக்கு. அவர் நாலு மாதம் தள்ளிப் போட்டுத் திருப்பிக் கொடுத்ததில் கையில் வந்தது கொஞ்சம். நீண்ட மூடல் வருகிறது என்று தெரிந்தால் வருட கார்ட் எடுக்காமல் மாத கார்டில் இருங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் மூடுகிற அன்றே முடிவெடுங்கள். இன்னொரு விஷயம், ரயில் அரை மணி பிந்தினால் திருப்பிக் காசு கேட்கலாம் என்பது திடீர்க் கோளாறுகளுக்குத்தான். முன்கூட்டியே அறிவித்து மூடினால் அது கிடையாது. நான் மூன்று தரம் விண்ணப்பித்து மூன்று தரமும் இல்லை என்று பதில் வந்தது.

2017 பெப்ரவரி 27 காலை பாதை திறந்தது. ஓடியது அதே இரண்டு பெட்டி டீசல் ரயில். வேலை முடியவில்லை. கம்பியைத் தாங்குகிற அமைப்புகளில் சில பிழையாக வடிவமைக்கப்பட்டதால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியவில்லை, பொருட்களும் பிந்தி வந்தன என்று காரணம் சொன்னார்கள். எட்டு மாதத்துக்கு மேல் பொறுத்தவர்களுக்கு அதைக் கேட்டு எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேடைகளை நீட்டியிருந்தார்கள். அந்த நீண்ட மேடையின் ஒரு பக்கத்தில் குட்டி ரயில் வந்து நிற்க, மறு பக்கத்தில் நின்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். பிறகு நவம்பர் 20-இலிருந்து 2018 ஜனவரி நடுப்பகுதி வரை திரும்பவும் மூடினார்கள். ஆனால் அந்த முறை நான் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. ஹைபரி வழி கையில் இருந்தது, காலை ஷிஃப்டை விடவில்லை. மூடல் ஒரு தரத்தோடு முடியாது என்று நினைத்துக்கொண்டு திட்டமிட்டால் இரண்டாவது தரம் அவ்வளவு அடிக்காது.

கம்பி வேலை 2018-இல் முடிந்தது. இனி என்ன, ரயில் வரும்தானே என்று நினைத்தால், அங்கேதான் நான் அறியாத இன்னொரு உண்மை இருந்தது. கம்பி போடுபவர்கள் வேறு, ரயில் செய்பவர்கள் வேறு. 710-ஆம் வகுப்பு என்று புது ரயில்கள் டார்பியில் தயாராகின. ரயில் உடம்பு தயார். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் மென்பொருள் சரிவரவில்லை. வசந்த காலம் என்றார்கள், பிறகு நவம்பர் என்றார்கள், நவம்பரும் போனது. பழைய டீசல் ரயில்களோ வாடகைக்கு எடுத்தவை, வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பக்கம் கொடுப்பதாக முன்பே ஒப்பந்தம். 2019 மார்ச்சில் கடைசி டீசல் ரயிலும் போய்விட்டது, புது ரயில் வரவில்லை. வேறு பாதையிலிருந்து மூன்று மின்சார ரயில்களை இரவல் எடுத்து, ஐந்து பெட்டியை நாலாக்கி ஓட்டினார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வந்த ரயில் அரை மணிக்கு ஒன்றானது. ஒன்று ரத்தானால் ஒரு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். மார்ச் குளிரில் பிள்ளைகளோடு நின்ற தாய்மாரை எத்தனை பேரைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கட்டத்தில் வேலையில் கொஞ்சம் பொறுப்புக் கூடியிருந்தது, மருந்து அலுமாரிச் சாவி என் கையில். இந்த முறை ஜனவரியிலேயே, ரயில் குறைந்தால் சாவியை இரவு ஆளே அரை மணி வைத்திருப்பார் என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தேன். மூன்று நாள் அது என்னைக் காப்பாற்றியது.

என் கணக்கு: பிள்ளை பார்க்கக் கொடுத்தது 1,200, கூடுதல் வலயத்துக்கு 150, இரண்டும் சேர்த்து 1,350 பவுண்டு. வராத ரயிலுக்காக மாதம் 50 வீதம் கூட்டிக் கொடுத்த வாடகை தனி, அதை 39 மாதத்தால் பெருக்கினால் 1,950. அந்த ஏஜென்ட் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் எங்கேயோ கேட்டதைச் சொல்லியிருப்பார். ஆனால் கம்பி முடிகிற தேதியை ரயில் வருகிற தேதி என்று சொல்லிவிட்டார். நாங்களும் அது இரண்டும் ஒன்றென்று நினைத்தோம். வீடு பார்க்கும்போது இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள். வரப்போவதற்கு, அது வந்து ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கொடுக்கலாம். "மின்சாரமாகிறது" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்: கம்பியில் மின்சாரம் எப்போது, ரயில்கள் கட்டி முடித்துப் பரீட்சித்தாயிற்றா. இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தேதியை வைத்து ஒன்றும் செய்யாதீர்கள்.

2019 மே 23 முதல் புது ரயில்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. எனக்கு வாய்த்தது அதற்குப் பிந்திய வாரத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணி. அது வந்த சத்தமே கேட்கவில்லை. டீசல் ரயில் வரும்போது காலுக்கடியில் மேடை அதிரும்; இது கம்பியில் ஒரு சின்ன கிறீச் ஒலியோடு வந்து நின்றது. உள்ளே முதல் பெட்டியிலிருந்து நாலாவது பெட்டி வரை நடந்தே போகலாம், குளிரூட்டி இருந்தது, ஃபோன் சார்ஜ் பண்ண இடம் இருந்தது. நான் உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் அந்த நேரத்து ரயிலில் எனக்கு இருக்கை கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். லெய்ட்டன்ஸ்டோனில் ஏறிய ஒரு வயதான ஆபிரிக்க அம்மா எனக்கு எதிரே வந்து இருந்து, என்னைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், இவ்வளவு இடம் என்று. ஆகஸ்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று திரும்பி வந்தது. இத்தனை கஷ்டத்துக்கு ஈடாகச் செப்டம்பர் மாதம் அந்தப் பாதையில் இலவசமாக விட்டார்கள். கார்டைத் தொட்டு ஏற வேண்டும், கழிந்த காசு திரும்பி வரும். அந்தக் காசு வந்ததா என்று ஒவ்வொரு வெள்ளியும் கணக்கைத் திறந்து பார்த்தேன், வந்தது.

இப்போது பாதையைப் பார்கிங் ரிவர்சைட் வரை நீட்டியிருக்கிறார்கள், பெயரும் சஃப்ரஜெட் லைன் என்று மாறிவிட்டது. மகன் அதில்தான் கல்லூரிக்குப் போகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலைக்குப் பாதையை மூடுவதாக மேடையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவன் அதை ஃபோனில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "அம்மா, மேனர் பார்க், ஸ்ட்ராட்ஃபோர்ட், ஹைபரி தானே?"